இருவரும் கேட்டது

மூளையில் ரத்தம் கசிந்து, பேச்சும் வலப்பக்கமும் போன நாளிலிருந்து தையற்காரியான தன் மனைவியைக் கைக்குழந்தை போலப் பார்த்துக்கொண்டான் அந்த லாரி டிரைவர். வேலையை விட்டான். சூப்பை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினான், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தான். மாலையானால் கட்டிலோரம் மண்டியிட்டு, "ஆண்டவா, இவளை எனக்குத் திருப்பிக் குடுத்துடு" என்று வாய்விட்டு அழுதான். "கல்லு மாதிரி கிடக்குறா, இன்னும் என்னடா நம்பிக்கை?" என்று கேட்ட சொந்த அண்ணனோடு பேச்சையே முறித்துக்கொண்டான்.

இரண்டாம் வருடம் அவளுக்குப் பேச்சு திரும்பியது. ஸ்பூனை நீட்டியவனிடம் குழறிக் குழறிச் சொன்னாள்.

"நானும் தினமும் கேட்டேங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுன்னு."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

"உங்க சத்தம்தான் பெருசா இருந்துச்சு. ஆண்டவன் காதுல அதுதான் விழுந்துச்சு. இனி இந்தக் கையால ஊசியில நூல்கூடக் கோக்க முடியாது."

"அப்படிச் சொல்லாதம்மா. எல்லாம் சரியாயிடும்."

"யாருக்கு?"

அவள் வாயோரம் வழிந்த சூப்பைத் துடைத்தான். அன்று மாலையும் பழக்கதோஷத்தில் மண்டியிட்டான். அவள் கண்கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.