பாரூர்க் கடல்

ஜோதியம்மாள் பேனாவில் மை ஊற்றினாள். கொஞ்சம் விரலில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. கொழுந்தன் திம்மப்பன் வாசற்படியில் நின்று, தபால் கொண்டுபோகும் பகல் பஸ் வரும் திசையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைய தபாலில் கடைசி அத்தியாயம் போகாவிட்டால், வேறொருவரை வைத்து, தளபதி இளஞ்சேந்தனின் வீரமரணத்தோடு தொடர்கதையை முடித்துவிடுவதாகச் சென்னைப் பத்திரிகைக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

கதையை எழுதிவந்த அவள் கணவன் நாராயணப்பன் கடலைப் பார்த்ததே இல்லை. பாரூர் ஏரிதான் அவனுக்குக் கடல். கரையில் நடந்தபடி அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து அவள் எழுதுவாள். அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது. ஆடிக் காற்றில் ஏரி நுரைக்கும்போது பறங்கிக் கப்பல்கள் பாய் விரித்து வரும். பீரங்கி வெடிக்கும். பாய்மரம் முறியும்.

"உங்க கப்பல்ல எருமை ஏறாம பாத்துக்குங்க" என்பாள்.

"ஏறினா பாலுக்கு ஆச்சு, போடி" என்பான்.

போன அத்தியாயத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. உடைந்த பலகையொன்றில் தளபதி மட்டும் குப்புறக் கிடந்து மிதக்கிறான். கரை தெரியவில்லை, நாக்கு வறண்டுவிட்டது. "பொழச்சுக்குவானா?" என்று அவள் கேட்டதற்கு, "அடுத்த வாரம் சொல்றேன்" என்று சிரித்தான். அந்த வாரம்தான் அவனுக்கு வாந்திபேதி கண்டது.

தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே என்றார்கள் ஊரில் எல்லோரும். அவர்கள் வீடுகளிலும் அப்படித்தான் செய்வார்கள். அவன் கேட்டான். முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு உதட்டை மட்டும் அசைத்தான். அவள் ஈரத்துணியால் அந்த உதட்டைத் துடைத்தாள். பானை தலைமாட்டிலேயே இருந்தது. எல்லாம் முடிந்தபின் வந்த டாக்டர், "தண்ணி குடுத்துக்கிட்டே இருந்திருக்கணும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. சோறு வடித்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். கை தன்பாட்டில் செய்தது.

இப்போதும் கைதான் எழுதியது. எழுதிய தாளைத் திம்மப்பன் வாங்கி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தான். பாதியில் நின்றான்.

"அண்ணி, இங்க ஒரு தப்பு இருக்குது."

"இன்னா?"

"கடல் தண்ணிய அள்ளிக் குடிக்கிறான்னு எழுதியிருக்கீங்க. மெட்ராஸ்ல நான் வாயில வச்சுப் பாத்திருக்கேன். உப்புன்னா உப்பு, கொமட்டிக்கிட்டு வரும். படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"அண்ணன் பேருலதான வரும்?"

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வரியை அடிக்கப்போகிறாள் என்று அவன் நினைத்தான். ஏரிக்கரை வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் கீழே மேலும் எழுதினாள். தளபதி இரண்டு கையாலும் அள்ளினான். குடித்தான். மறுபடி அள்ளினான். தண்ணீர் தாடியில் வழிந்து மார்பை நனைத்தது. யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. குடித்தான்.

எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்ற திம்மப்பன் ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

உள்ளே தாளில் இடம் தீர்ந்துவிட்டது. அவள் தாளைத் திருப்பி, ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மறுபடி அள்ளினான்.