இரு துறைகளுக்கு நடுவே நின்ற காவலன்

பண்டைய வரலாற்றுத் துறையிலிருந்து தற்கால வரலாற்றுத் துறைக்குச் செல்லும் நடைகூடத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய போர்வீரன் ஒருவன் ஈட்டியுடன் காவல் நின்றான். மழைக்காலத்தில் அக்கூடத்தின் கூரை ஒழுகும் என்பதைப் போலவே இதுவும் பல்கலைக்கழகம் அறிந்த செய்திதான். எவரும் பெரிதுபடுத்தவில்லை, ஏனெனில் எவரும் அவ்வழியே போவதில்லை. பண்டைய காலம் எந்த ஆண்டில் முடிகிறது என்ற கேள்வியில் இரு துறைத் தலைவர்களும் முறைத்துக்கொண்ட நாள்முதல், ஒரு துறையின் நாற்காலிகூட மறு துறைக்குப் போனதில்லை.

பள்ளிச் சீருடைகள் தைத்து மகளைக் கரையேற்றிவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் இரண்டு வரலாறுகளையும் ஒரே பட்டமாகப் படிக்கச் சேர்ந்த தையற்காரம்மாவுக்கே அவன் இடைஞ்சலானான். முதல் வகுப்பு முடிந்து அவர் புறப்பட்டதும் ஈட்டி குறுக்கே நீண்டது. “ஆணை வராம யாரும் தாண்டக் கூடாது.” தோட்டத்தைச் சுற்றிப் போனார், அங்கும் அவனே நின்றான். தற்கால வரலாற்றில் வருகை குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். பாதிப் பட்டம் என்று ஒன்றை எந்தப் பல்கலைக்கழகமும் வழங்குவதில்லை.

“படிக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லும்மா. செத்தவன் மேல ஏன் பழி போடுற?” என்றாள் மகள்.

“செத்தவனுக்கு இப்படிக் கொட்டாவி வருமாடி?”

வீரனின் தோள்துணி கிழிந்திருந்தது. கிழிசலைக் கண்டும் கடந்து போவது தையற்காரம்மாவின் தொழிலில் இல்லை, கடக்கவும் வழியில்லை. தைத்துக்கொண்டே, எந்தப் போர் என்று விசாரித்தார். அவன் சொன்ன போருக்குப் பாடநூல் அரை வரி ஒதுக்கியிருந்தது: “இருதரப்பும் களைத்தபின் போர் ஓய்ந்தது.” காவலர்களுக்கு அதை யார் சொன்னார்கள் என்பது அதில் இல்லை. தற்கால வரலாற்று நூலை வீட்டில் தாமே படித்தபோது விடை கிடைத்தது. போர் நிறுத்தத்தில் கையெழுத்து விழுந்தால் போதாது; செய்தி கடைசிப் பதுங்குகுழிவரை போய்ச் சேரவேண்டும். சேராத இடத்தில் போர் நடந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் அவர் சொன்னார்: “போர் முடிஞ்சிடுச்சுப்பா. வழிய விடு.”

“நீங்க எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்தான் படிக்கிறேன்.”

“அப்ப செல்லாதும்மா. ரெண்டு பக்கத் தலைவரும் சேர்ந்து வந்து சொல்லணும்.”

அவனுடைய தலைவர்கள் மண்ணாகிப் போயிருந்தார்கள். ஆனால் கூடத்தின் இரு முனைகளிலும் துறைக்கொரு தலைவர் இருந்தார். தையற்காரம்மா இருவரையும் போய் அழைத்தார். “அந்தாளு மூஞ்சியில முழிக்கவா?” என்றார் பண்டையவர். “முதல்ல அவர் வரட்டும்,” என்றார் தற்காலத்தவர். இருவருடைய கோட்டுக்கும் பொத்தான் தைத்துக் கொடுத்தவர் என்ற உரிமையில், தையற்காரம்மா இருவரிடமும் ஒரே பொய்யைச் சொன்னார்: “அவர் எப்பவோ வந்துட்டார் சார், உங்களத்தான் காணோம்.”

தாம் பிந்திவிடக் கூடாதென்று இருவரும் ஒரே நேரத்தில் ஓடிவந்தனர். போர்நிறுத்த அறிவிப்பின் வடிவத்தைத் தற்காலத்தவர் சொல்ல, பண்டையவர் அதை வீரனின் பழைய மொழியில் எழுதினார். ஆண்டைக் குறிப்பிடுவதில் மீண்டும் சண்டை மூண்டது. ஆகவே அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டார்கள்.

அறிவிப்பைக் கேட்டு முடித்த வீரன், “யாரு ஜெயிச்சாங்க?” என்றான்.

இரு தலைவர்களும் ஒருசேர வாய் திறந்தனர். தையற்காரம்மா முந்திக்கொண்டார்: “எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கப்பா.”

ஈட்டி தாழ்ந்தது. தையற்காரம்மா தற்கால வகுப்புக்குள் நுழைந்து, பெயர் கூப்பிட்டபோது தேவைக்கு மேல் உரக்கவே “இருக்கேன் சார்” என்றார். வீரன் சுவரில் சாய்ந்து பருவத்தேர்வு முடியும்வரை உறங்கினான்.

பட்டம் முழுதாகவே வந்தது. போக வீடில்லாத வீரன் அங்கேயே தங்கிவிட்டான். இப்போது இரு வரலாறுகளையும் சேர்த்துப் படிப்போர் அதிகம். அவர்கள் போகும்போதும் வரும்போதும் அவன் ஈட்டியைச் சற்றே ஒதுக்கிக்கொள்கிறான். பாதி வழியில் மனம் தளர்ந்து திரும்புகிறவர்களை மட்டும் அவன் விடுவதில்லை.