டெஸ் மாட்டிய டிரிகர்

என் கணவன் டெஸ் கையில் திருப்புளி கிடைத்தால் வீட்டில் எதுவும் உருப்படாது. இந்தத் தடவை மாட்டியது என் வேட்டைத் துப்பாக்கி. பழைய டிரிகர் இழுக்கக் கனமாக இருக்கிறது என்று ஒருமுறை முனகினேன், அதுதான் தப்பு. என் பிறந்தநாளுக்குப் புது டிரிகர் ஒன்றைத் தபாலில் வரவழைத்து, ரக்பி ஆட்டம் பார்த்தபடியே சமையலறை மேசையில் வைத்து மாட்டிவிட்டான்.

"தொட்டாலே போதும், சுடும். கடையில குடுத்தா இவ்ளோ மெல்லிசா எவன் வெச்சுத் தருவான்?" என்று பீற்றல் வேறு.

கலைமான்கள் இணை தேடிக் கத்தும் வேட்டைப் பருவம். மேற்குக் கரை மலைக்குள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒற்றை அறைக் குடிலில் தங்கியிருந்தோம். காலையில் கிளம்பும் முன் குண்டில்லாத துப்பாக்கியில், குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடி, சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு, திரும்ப எடுத்தேன். 'டக்' என்றது. என் விரல் டிரிகர் பக்கமே போகவில்லை.

"டெஸ், சேஃப்டிய எடுத்தா தானா சுடுது."

"உன் விரல் பட்டிருக்கும்."

"என் விரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி அம்மணி, காலங்காத்தால சண்டை வேணாம். என் துப்பாக்கிய நீ எடுத்துக்க. இத நான் தூக்கிட்டு வர்றேன்."

ஓடை வழியே ஏறினோம். வளைவுக்கு அப்பால் ஒரு கலைமான் கத்தியது. முன்னால் போன டெஸ் சட்டென்று குண்டை ஏற்றி, சேஃப்டியைப் போட்டான். மான் காற்றில் எங்கள் வாடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. குண்டை இறக்காமலேயே அவன் நடந்தான். சோம்பேறி என்று மனதுக்குள் திட்டினேன்.

மழை வலுத்தது. ஓடையில் கிடந்த பெரிய மரத்துண்டின் மேல் அவன் கால் வைத்தான். அது உருண்டது. விழுந்தவனின் முழங்காலுக்குக் கீழே மரம் ஏறி உட்கார்ந்தது. துப்பாக்கியின் பின்கட்டையும் அதே மரத்தடியில் சிக்கியது. குழலின் வாய் அவன் விலாவில் இருந்தது.

"அசையாத!" என்று கத்தினேன்.

"எங்க அசையறது?"

குண்டை வெளியே எடுக்க போல்ட்டைத் திறக்க வேண்டும். சேஃப்டி போட்டிருந்தால் அந்தத் துப்பாக்கியில் போல்ட் திறக்காது. சேஃப்டியை எடுத்தால் வெடிக்கும். விட்டுவிட்டு ஆள் கூட்டி வரலாம் என்றால், தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தேன்.

மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் குழல் வாயில் ஒட்டும் கறுப்பு டேப்பை எங்கள் பக்கத்தில் எல்லோரும் துப்பாக்கியிலேயே கொஞ்சம் சுற்றி வைத்திருப்போம். என்னிடம் இருந்ததைப் பிரித்து, சேஃப்டி நகராதபடி இறுக்கிச் சுற்றினேன். பிறகு குழலுக்கு அந்தப் பக்கமிருந்த கற்களைக் கையால் பிடுங்கினேன். நகம் பெயர்ந்தது. குழலை மெல்ல மெல்லத் தள்ளினேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் டெஸ் கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் குழல் அவனைத் தாண்டி கரையைப் பார்த்தது.

ஒரு கிளையைக் கொடுத்து மரத்தை நெம்பினேன். அவன் காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தான். எலும்பு முறியவில்லை. துப்பாக்கியை உருவி, மண்மேட்டுக்கு நேராகப் பிடித்து, டேப்பை அறுத்து சேஃப்டியை மட்டும் தள்ளினேன். வெடித்தது. மண் சிதறியது.

"இப்ப என் விரல் எங்க இருந்துச்சு, பாத்தியா?"

டெஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த 'டக்' வீட்டுலயே கேட்டேன், நோலீன். அதான் காலையில உன்கிட்டேருந்து வாங்கினேன். குண்டே ஏத்தக்கூடாதுன்னுதான் இருந்தேன். மான் கத்தினதும் பழக்கத்துல கை ஏத்திருச்சு."

"அதுக்கப்புறமாவது மண்ணப் பாத்துச் சுட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"சுட்டா உனக்குக் கேட்டிருக்குமே. நீ சொன்னதுதான் சரின்னு ஒத்துக்க வேண்டியிருக்கும்."

அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. தோள் கொடுத்துக் குடிலுக்குக் கூட்டி வந்தேன். ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது வடியும் வரை அந்த ஒற்றை அறையில் அவனோடுதான் இருக்க வேண்டும்.