இரண்டு துண்டுப் பப்பாளி

திருத்தங்கலுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டாம் வருஷம் வேலுத்தாய் மாசமானாள். அன்றைக்கே மாமியார் இருளம்மாள் சோற்றுப் பானையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பப்பாளி, எள்ளு, முட்டை எதுவும் ஆகாது. கத்தரிக்காய் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் புண் வரும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் சோறும் அரை வயிற்றுக்குத்தான்.

"பிள்ளை பெருத்துட்டா வெளிய வராதுத்தா. என் மூத்த மக மூணு நாள் வலியில கெடந்து செத்தா. கண்ணால பாத்தவ சொல்றேன்."

அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் உடைந்துபோகும். அதனாலேயே வேலுத்தாய்க்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. நர்ஸம்மா கொடுத்த சத்து மாத்திரைகளை, பிள்ளை கறுத்துவிடும் என்று அத்தை சாக்கடையில் கொட்டியபோதும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

வேலைக்குப் போவதை மட்டும் யாரும் ஆகாதென்று சொல்லவில்லை. தீபாவளி சீசன். காலை ஆறரைக்கெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துவிடும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து சக்கரத்துக்குத் திரி வைப்பாள். நகக்கண்ணில் ஏறிய வெடிமருந்து சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் சோறு தின்பாள்.

ஏழாம் மாதம் ஒரு மத்தியானம் தலை சுற்றிச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் வேலை பார்த்த பொன்னுத்தங்கம் தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். வீட்டு மரத்துப் பப்பாளி, நன்றாகப் பழுத்தது.

"ரெண்டு துண்டு தின்னு புள்ள. வெறும் வயித்தோட எம்புட்டு நேரம் இருப்ப?"

தின்றாள். பசியில் தோலையும் சுரண்டித் தின்றாள்.

மூன்று வாரம் கழித்து வேனிலேயே வலி கண்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. ஒன்றேகால் கிலோ.

"உடம்புல ரத்தமே இல்லையேம்மா. மாத்திரை போட்டியா இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வேலுத்தாய் வாய் திறப்பதற்குள், "எல்லாம் போட்டா டாக்டரம்மா" என்றாள் இருளம்மாள்.

மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

துக்கம் கேட்க வந்த பொன்னுத்தங்கம், "நான் பாவி, அன்னைக்குப் பப்பாளியக் குடுத்தேனே" என்று தலையிலடித்து அழுதாள். அழுதுகொண்டிருந்த இருளம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"கேட்டீகளா! எம் பேரன முழுங்குனது எம் மருமக நாக்குதான்."

அச்சாபீஸிலிருந்து லீவு போட்டு வந்திருந்த கணவன் சண்முகவேல் வேலுத்தாயைப் பார்த்தான். "ரெண்டு துண்டுப் பழத்துக்கா என் பிள்ளையக் குடுத்த?"

"மாத்திரையச் சாக்கடையில கொட்டுனது உங்க அம்மா. அரை வயித்துச் சோறு போட்டதும் அவுகதான். அவுககிட்டக் கேளுங்க."

அறைந்தான். வந்திருந்த பெண்களில் ஒருத்திகூடத் தடுக்கவில்லை. பதினாறாம் நாள், சீசன் முடியவில்லை என்று அத்தையே அவளை வேனில் ஏற்றிவிட்டாள்.

அடுத்த வருஷம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அதை அவள் முதலில் சொன்னது நர்ஸம்மாவிடம். வாங்கிய மாத்திரைகளைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்து வைத்தாள். தினமும் மத்தியானம் பொன்னுத்தங்கம் ஒரு மாத்திரையும், தன் சட்டியிலிருந்து பாதிச் சோறும் ஒரு முட்டையும் கொடுப்பாள். மேஸ்திரியிடம் கெஞ்சி, வெடிமருந்து புழங்காத, லேபிள் ஒட்டுகிற அறைக்கும் வேலுத்தாய் மாறிக்கொண்டாள். வீட்டில் அத்தை போட்ட அரை வயிற்றுச் சோற்றை முகம் கோணாமல் தின்றாள்.

பெண் பிள்ளை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வருவோர் போவோரையெல்லாம் நிறுத்தி இருளம்மாள் சொன்னாள்: "இந்தத் தடவ நான் சொன்னபடி வாயக் கட்டுனா. பாத்தீகளா பிள்ளைய!"

"இனியாவது அம்மா பேச்சக் கேளு" என்றான் சண்முகவேல்.

பார்க்க வந்திருந்த பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கட்டிலில் கிடந்தபடியே வேலுத்தாய் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பேசாம இரு அக்கா. அத்தைக்குத் தெரிஞ்சா அடுத்த பிள்ளைக்கு மத்தியானச் சோறும் இல்லாமப் போயிரும்."