திறக்கிற வரி

செத்துப்போன செல்லச்சாமியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போதே அவருடைய செல்போன் அடித்தது. மனைவி சண்முகவள்ளி எடுத்தாள்.

"சார் வீட்டம்மாவா? கீழக்கரை முஹைதீன் பேசுறேன். மருமகளுக்குப் புள்ள பொறந்துச்சு, ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் வேணுமாம். கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லச் சொல்லுங்கம்மா."

சார் நடுவீட்டில் கிடந்தார். அதை அவள் சொல்லவில்லை. "பாத்துட்டுக் கூப்பிடுறேன்ண்ணே" என்று எழுந்துவிட்டாள்.

"புருசன இங்கன போட்டுட்டு எங்க போற?" என்றாள் நாத்தனார் சேதுலட்சுமி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேசட்டும்.

செல்லச்சாமி பாலிடெக்னிக் வாத்தியார். லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு கோப்பு செய்திருந்தார். ரத்த வகையைக் கொடுத்தால் ஆட்களின் பேரும் நம்பரும் வரும், அவ்வளவுதான். அதைத் திறக்க ஒரு வரி, புதிதாக உண்டாக்க ஒரு வரி. இருக்கிற கோப்பின் பேரிலேயே உண்டாக்கினால் பழசு சுத்தமாக அழிந்துபோகும். போன வருசம் சண்முகவள்ளி அதைத்தான் செய்தாள். நூற்றிப் பன்னிரண்டு பேர் போனார்கள். அவர் வையவில்லை. மறுநாளே பைக்கில் திருப்புல்லாணி, உப்பூர் என்று மறுபடி ஊர் ஊராக அலைந்தார். வைதிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அடைப்புக்குறி போட்டு, அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கொழுந்தன் குருநாதன் பின்னால் வந்து நின்றான்.

"நான் அடிக்கவா மதினி?"

"வேணாம்யா. திறக்கிற வரிதானான்னு பாத்துச் சொல்லு."

"அதேதான்."

தட்டினாள். ரத்த வகையைக் கொடுத்ததும் திரையில் இரண்டு பேர் வந்தார்கள். முதல் பேர் செல்லச்சாமி. பாவி மனுசன், தன் பேரைத்தான் முதலில் ஏற்றியிருக்கிறார்.

அடுத்த பேர், உப்பூர் நாகலெட்சுமி. அவரிடம் படித்தவள்; வாசலில்தான் அழுதுகொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் முந்தானையை உதறி எழுந்தாள்.

"எழவு வீட்டுக்கு வந்தவ, குளிக்காம புள்ள பெத்தவகிட்டப் போறதா?" சேதுலட்சுமிதான். அவளே எழுந்து, நாகலெட்சுமியைக் கொல்லைக்கு இழுத்துப்போய் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். தன் பையிலிருந்த மாற்றுச் சேலையைக் கொடுத்தாள். "நிக்காத, போ." குருநாதன் பைக்கை உதைத்தான்.

பாடை கட்டி முடிக்கிற நேரத்தில் முஹைதீன் கூப்பிட்டார். "மருமக கண்ணு முழிச்சிருச்சும்மா. சார்கிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேன்ண்ணே."

தூக்க வந்தவர்களைச் சற்று நிற்கச் சொன்னாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காதருகே குனிந்து சொன்னாள்.