மேனேஜரின் ‘ஆக்சுவலி’

அட்டைப்பெட்டி கம்பெனி மேனேஜர் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது ‘ஆக்சுவலி’தான். உண்மையில் என்று அதற்குப் பொருளாம். அவருக்கோ அது பொய்க்கு முன்னால் அடிக்கிற ஹாரன். ஒன்பது வருடமாக மீட்டிங் குறிப்பெழுதும் டைப்பிஸ்டுக்கு இது அத்துப்படி. ஹாரனையும் உளறலையும் களைந்து, பேச்சைச் சலவை செய்து டைப் அடித்துக் கொடுப்பாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். குறிப்பு நேரே முதலாளியம்மாவிடம் போகும்.

அன்று கட்டிங் மெஷினில் வேலை பார்ப்பவள், பிளேடில் வெட்டுப்பட்டுக் கட்டுப்போட்ட விரலோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். தப்பு அவளுடையது என்று முடிவானால் வேலை போய்விடும்.

“ஆக்சுவலி மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ஆக்சுவலி இந்தம்மாதான் பிளேடு மூடியக் கழட்டிட்டு வேலை பாத்திருக்காங்க.”

“ஏன் சார், மூடி உடைஞ்சிருச்சுன்னு போன வாரமே உங்ககிட்ட வந்து சொன்னேனே?”

“சொன்னே! ரிப்பேருக்கு ஆள் வரலேன்னா நான் என்ன பண்ண?”

டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் ஹாரன் இல்லை. கோபத்தில் மனுஷன் உண்மையைக் கக்கிவிட்டார்.

“இதெல்லாம் எழுதாதீங்கம்மா. எப்பவும் போல சுத்தமா அடிச்சிருங்க.”

சுத்தம்! டைப் மெஷின் முன் உட்கார்ந்தபோது அந்தச் சொல் முள்ளாய்க் குத்தியது. பொய் சொன்னவர் அவர். அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் யார்? அவரைப் பார்த்து இத்தனை காலம் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பு, திரும்பி வந்து அவள் முகத்திலேயே அறைந்தது.

அட்சரம் பிசகாமல் அடித்தாள். ‘ஆக்சுவலி’ மட்டும் பதினேழு. ‘சொன்னே’யும் அப்படியே. மேனேஜர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி, வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதலாளியம்மா அறையிலிருந்து வெளியே வந்த மேனேஜரின் முகம் நனைந்த அட்டை மாதிரித் தொய்ந்திருந்தது. மூடியை இன்றைக்கே மாட்ட வேண்டும் என்று முதலாளியம்மா உத்தரவு. விரல் வெட்டுப்பட்டவளை வேலையிலிருந்து எடுக்கவும் கூடாதாம்.

“என்னம்மா, இப்படிக் கவுத்திட்டீங்க?”

“ஆக்சுவலி சார், நீங்க பேசினதத்தான் அடிச்சேன்” என்றாள்.

அந்த ஆபீஸில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் உண்மை வந்தது அதுதான் முதல் தடவை.