ஒயரில்லாக் கேமராவும் ஒரு டப்பா காபித்தூளும்

பழனிமுத்துவுக்கு அந்தக் கேமராவின் மேல் அபார நம்பிக்கை. துபாயிலிருந்து வந்த மைத்துனன் கணேஷ்குமார் அதைக் கொடுத்தபோது, வேறு யாராவது படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட மாட்டார்களா என்று இவன் ஒரு சந்தேகம் கேட்டான்.

"ஒயர் இருந்தாத்தானே மச்சான், எவனாச்சும் கொக்கி போடுவான்? இதுல ஒயரே இல்லையே" என்றான் மைத்துனன்.

பழனிமுத்துவின் மூளைக்கு அது போதும். அதற்கு எப்போதுமே கொஞ்சம் போதும்.

பிடிப்பதற்குத் திருடன்தான் இல்லை. மேட்டகள்ளியில் எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த லைனில் திருட என்ன இருக்கிறது? ஆனால் மனைவி காவேரி பிரசவத்துக்குக் கொள்ளேகால் போனதிலிருந்து காபித்தூள் டப்பா வேகமாக இறங்குவதாக அவனுக்குப் பட்டது. தான் ஒரு நாளைக்கு ஆறு தடவை காபி போட்டுக் குடிப்பது நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தக்காவிடம் வீட்டுச் சாவி இருப்பது மட்டும் நன்றாக நினைவுக்கு வந்தது. அவன் ஃபேக்டரியில் இருக்கும்போது குழாயில் தண்ணீர் விட்டால், அவள்தான் வந்து குடங்களை நிரப்பி வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். அடுப்படி தெரிகிறமாதிரி சாமி படத்துக்குப் பின்னால் கேமராவை ஒளித்தான். கொள்ளேகால் போவதாகப் பஞ்சவர்ணத்திடம் சொல்லி வாசலைப் பூட்டினான். தெருமுனைவரை பையோடு நடந்து, பின்கட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, கேமராவின் படம் வரும் உள்ளறை டி.வி. முன்னால் குத்தவைத்தான். தன் வீட்டுக்குள்ளேயே திருடன்போல நுழைந்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பத்து மணிக்குப் பஞ்சவர்ணம் வந்தாள். மூன்று குடம் நிரப்பினாள். சிந்தியதைத் துடைத்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். அவள் முதுகு மறைத்ததில் கை தெரியவில்லை. பழனிமுத்துவுக்கு வெற்றி நெஞ்சை அடைத்தது.

அவள் பூட்டிக்கொண்டு போனதும் ஓடிவந்து டப்பாவைத் தூக்கினான். தூள், கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. நம்பாமல் மோந்து பார்த்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணத்தின் மகள் தாரணியின் குரல் கேட்டது.

"அம்மா, நோடு, இங்க பாரு, பழனி மாமா டி.வி.யில வர்றாரு. டப்பாவ மோந்து பாக்கறாரு."

பழனிமுத்து சோதித்துப் பார்க்க மெதுவாக ஒரு கையைத் தூக்கினான்.

"இப்ப கை தூக்கறாரு."

ஒயர் இல்லாத படம் காற்றில் போய், ஆன்டெனா வைத்திருந்த வீட்டிலெல்லாம் இறங்கியிருக்கிறது. சினிமாவுக்காக டி.வி.யைத் திருகிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் மாட்டியிருக்கிறது. அதற்குள் அங்கே டி.வி. அணைந்துவிட்டது.

மூன்று பொய்களை யோசித்து எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனான். தாரணி, மாமா ஊருக்குப் போகவில்லையா என்றாள். அவன் வாய் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "மாமாவுக்கு பஸ்ஸு கெடைக்கலியாட்ட இருக்குது."

அவனுடைய பொய்கள் மூன்றும் அதோடு செத்தன.

"பஸ்ஸுக்கே போகலீங்கக்கா. நீங்க தூள எடுக்கறீங்களான்னு பாக்க ஒளிஞ்சிருந்தேன்."

"எடுத்தனா?"

"இல்லீங்க."

"காவேரிகிட்டக் கைமாத்தா வாங்குன தூளு ரெண்டு டம்ளர். அத வந்து போட்டேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். கதவையும் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவன் திரும்பி நடக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.